வேலைக்குத் திரும்பினேன், பால் வற்றுகிறதா டாக்டர்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. முதல் குழந்தை, ஆண், ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. பிரசவ விடுப்பு முடிந்து கால் சென்டர் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. காலை 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை 6 மணிக்குத்தான் திரும்ப முடிகிறது. அதுவரை குழந்தை மாமியாரிடம் இருக்கிறான். அலுவலகத்தில் இரண்டு முறை டாய்லெட்டுக்குள் போய், கையால் இயக்கும் பம்ப்பில் அவசர அவசரமாகப் பத்து நிமிடம் பால் எடுக்கிறார். ஒரு தடவைக்கு 75 மி.லி. வந்தால் பெரிது. குழந்தையோ பகலில் மூன்று பாட்டில், ஒவ்வொன்றிலும் 180 மி.லி. குடிக்கிறான். பற்றாக்குறைக்குப் பவுடர் பால். மாலையில் ஓடிவந்து மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

போன வாரம் வலது மார்பில் கட்டி மாதிரி வந்து, ஓர் இரவு காய்ச்சலும் இருந்திருக்கிறது. "பால் கட்டிக் கெட்டுப்போயிருக்கும்" என்று பயந்து ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் கொடுக்காமல் இருந்திருக்கிறார். கட்டியைச் சூடு வைத்து அழுத்தித் தேய்த்தும் பார்த்திருக்கிறார். காய்ச்சல் இறங்கிவிட்டது, கட்டி இன்னும் லேசாகத் தட்டுப்படுகிறது. ஒரு நாள் ஃபோனில் பேசிய வாடிக்கையாளருக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழ, இவருடைய சட்டை நனைந்துவிட்டது. மேனேஜரிடம் பேசியபோது, "நானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். இதெல்லாம் நான் கேட்டதே இல்லை" என்று பதில் வந்ததாம். மேனேஜரும் ஒரு பெண்தான்.

அவர் கேட்பது: "என் பால் வற்றிவிட்டதா? குழந்தைக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா? பால் ஊற மாத்திரை இருக்கிறதாமே, வாங்கிச் சாப்பிடலாமா? டாய்லெட்டில் எடுத்த பாலைக் கொடுத்தது தவறா? பேசாமல் பாலை நிறுத்திவிடுவதா, வேலையை விட்டுவிடுவதா?"

இனி உங்களிடமே பேசுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் பால் வற்றியதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. பாலை வெளியே எடுக்க நேரமும் இடமும் கிடைக்காததுதான் தெரிகிறது. தவிர, உங்கள் பாட்டில் கணக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மார்புக் கட்டி காத்திருக்காது என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கட்டியும் காய்ச்சலும்

பால் நெடுநேரம் வெளியேறாமல் நிற்கும்போது மார்பிலுள்ள பால் நாளங்களைச் சுற்றி வீக்கம் வரும். அது முற்றினால் அழற்சி, காய்ச்சல், சில சமயம் சீழ்க்கட்டி வரைக்கும் போகும். வேலைக்குத் திரும்பிய முதல் வாரங்களில் இது நிறையப் பேருக்கு வருகிறது. அந்தப் பால் கெட்டுப்போனதல்ல. குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்காமல் நிறுத்தியதுதான் உங்களுக்கு ஆபத்தாக முடிந்திருக்கும்.

தேய்த்த விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சூடு வை, நன்றாக அழுத்தித் தேய், முழுக்கக் காலி செய் என்றுதான் நீண்ட காலம் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றிவிட்டது. வீங்கிய திசுவை அழுத்தினால் வீக்கம் கூடத்தான் செய்யும். எனவே தேய்க்க வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை அவ்வப்போது வையுங்கள். குழந்தைக்குக் கொடுப்பதையும் பால் எடுப்பதையும் வழக்கமான அளவிலேயே தொடருங்கள். "காலி செய்கிறேன்" என்று கூடுதலாக எடுக்க வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு போன்ற தடைகள் இல்லாவிட்டால் வலிக்கு இபுப்ரோஃபென் எடுக்கலாம்; பால் கொடுக்கும்போது அது பாதுகாப்பானதுதான்.

உங்கள் கட்டி ஒரு வாரம் ஆகியும் கரையவில்லை என்பதால் இந்த வாரமே ஒரு டாக்டரிடம் நேரில் காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி காய்ச்சல் வந்து 24 மணி நேரத்தில் இறங்காவிட்டாலோ, தோல் சிவந்து பரவினாலோ, நடுக்கம் வந்தாலோ அன்றைக்கே போங்கள்.

அந்த 540 மி.லி. கணக்கு

இதுதான் உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட இடம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மி.லி. குடிக்கும். குழந்தைக்குக் குழந்தை கூடக்குறைய இருக்கும். ஆனால் இந்த மாதங்களில் அளவு பெரிதாக ஏறாது. மணிக்கு ஏறக்குறைய 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால், நீங்கள் வெளியே இருக்கும் பத்து மணி நேரத்துக்கு 300 முதல் 350 மி.லி. போதும். அவன் குடிப்பது 540. ஒரு நாள் தேவையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் பகல் பத்து மணி நேரத்துக்குள்.

அவனுக்கு அவ்வளவு பசியா என்றால், இருக்க வேண்டியதில்லை. மார்பில் குடிக்கும்போது அவனே உறிஞ்சி, நிறுத்தி, மூச்சு வாங்கிக் குடிப்பான். படுக்கவைத்துப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் பால் தானாகவே வாய்க்குள் விழும், விழுங்கித்தான் ஆக வேண்டும். பாட்டில் காலியானால் பாட்டிக்கும் திருப்தி. அப்புறம் மாலை ஐந்தரைக்குக் கடைசி பாட்டிலைக் குடித்து வயிறு நிறைந்தவன், ஆறு மணிக்கு உங்கள் மார்பில் ஏன் குடிக்கப்போகிறான்? அவன் முகத்தைத் திருப்புவது உங்களைப் பிடிக்காததால் அல்ல. ஆனால் இது இப்படியே தொடர்ந்தால் மார்பில் குடிப்பது குறையும், அதைப் பின்பற்றி உங்கள் சுரப்பும் நிஜமாகவே குறையும். பால் தேங்கி நின்றால் சுரப்பை மெதுவாக்கும்படிதான் மார்பு வேலை செய்கிறது. எடுக்க எடுக்க ஊறும் என்று கிணற்றைச் சொல்வார்களே, அதே கதைதான்.

மாமியாரிடம் குறை சொல்கிற தொனி வராமல் பேச வேண்டியிருக்கும். "நீங்கள் அதிகம் கொடுத்துவிட்டீர்கள்" என்பதற்குப் பதில், "டாக்டர் கொடுக்கும் விதத்தை மாற்றச் சொன்னார்" என்று என் மேல் போட்டுவிடுங்கள். குழந்தையைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடிக்க வேண்டும். பாட்டில் தரைக்கு இணையாக இருக்கட்டும். பால் மெதுவாக வரும் நிப்பிள் போதும். இடையிடையே பாட்டிலைத் தாழ்த்தி இடைவெளி கொடுத்தால் ஒரு வேளைப் பால் 15, 20 நிமிடம் நீளும். ஒரு தடவைக்கு 90 முதல் 120 மி.லி. ஊற்றினால் போதும். தலையைத் திருப்பினால் மிச்சத்தைத் திணிக்க வேண்டாம். நீங்கள் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பாட்டில் வேண்டாம். ரொம்ப அழுதால் கொஞ்சம் கொடுக்கலாம்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். தேவை 300 முதல் 350. நீங்கள் எடுப்பது 150. குறைவது 390 இல்லை. 150 முதல் 200 வரைதான். பூட்டில்லாத கதவைப் பார்த்துக்கொண்டே எடுத்த பத்து நிமிடத்திலேயே 75 மி.லி. வருகிறது என்றால், நிம்மதியாக உட்கார்ந்து மூன்று முறை எடுத்தால் பற்றாக்குறையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கையால் இயக்குவதை விட இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார பம்ப் நேரத்தைப் பாதியாக்கும். காம்பின் மேல் பொருத்தும் புனல் பாகம் அளவு சரியில்லாவிட்டால் வலிக்கும், பாலும் வராது; அதை ஒரு முறை சரிபாருங்கள். கடைசி இரண்டு நிமிடம் கையால் பீய்ச்சினால் இன்னும் கொஞ்சம் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்ப்பில் வருவது உங்கள் சுரப்பின் அளவல்ல. நன்றாகக் குடிக்கும் குழந்தை எடுக்கும் அளவுக்கு பம்ப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

குழந்தைக்குப் போதுகிறதா என்பதற்கு எடை அட்டையையும் ஈரமான டயப்பரையும் பாருங்கள். எடை அட்டையில் அவனுடைய வளர்ச்சிக் கோட்டிலேயே ஏறி, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக நனைத்தால் கவலை வேண்டாம். பாட்டில் அளவைக் குறைக்கிற இந்த நாட்களில் எடையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எடை ஏறவில்லை என்றால் என் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டுக் குழந்தை டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள்.

மாத்திரை விஷயம்: பால் ஊறுவதற்கென்று பலர் தாங்களாகவே வாங்கிப் போடும் டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது, திடீரென நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை வரலாம். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொட வேண்டாம். பால் வெளியேறாத இடத்தில் எந்த மாத்திரையும் அதிக நாள் உதவாது.

நனைந்த சட்டையும் டாய்லெட் கதவும்

வேறு யாரோ குழந்தை அழுததற்கு உங்களுக்குப் பால் இறங்கியது அவமானமாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் என்ற முறையில் எனக்கு அது நல்ல செய்தி. பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கச்சிதமாக வேலை செய்கிறது. அழுகைச் சத்தம், குழந்தையின் வாசனை, அவனை நினைப்பது, இவை எல்லாமே அதைத் தூண்டும். பயமும் அவசரமும் அதைத் தடுக்கும். கதவை யாராவது தட்டும்போது பால் வராமல் போவது இதனால்தான். எடுக்க உட்காரும்போது அவனுடைய வீடியோ ஒன்றைப் பாருங்கள், அவன் துணி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வேலை நடுவே இறங்குவது தெரிந்தால் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு மார்பை உள்ளங்கையால் சற்று அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். உள்ளே வைக்கும் பஞ்சுப் பேட், மாற்றுச் சட்டை இரண்டும் மேசையில் இருக்கட்டும்.

டாய்லெட்டில் எடுத்த பாலைக் கொடுத்ததால் குழந்தைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பழையதை நினைத்து வருந்த வேண்டாம். கை கழுவிவிட்டு, சுத்தமான பம்ப்பில் எடுத்த பால் விஷமாகிவிடாது. ஆனால் அது சாப்பாடு தயாரிக்கும் இடமல்ல. அங்கே உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடச் சொன்னால் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஐஸ் பேக் வைத்த மூடிய பையில் 24 மணி நேரம் வரை நிற்கும். ஃப்ரீசரில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. குழந்தை வாய்வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து வாய் வெந்துவிடும், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். ஃப்ரிட்ஜில் வைத்த பாலில் கொழுப்பு மேலே பிரிந்து நிற்பதும், சில பேருடைய பாலில் சோப்பு வாசனை வருவதும் இயல்பு. இதைப் பார்த்துக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டுகிற வீடுகள் நிறைய. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும் என்று மாமியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பம்ப் பாகங்களைத் தனிக் கிண்ணத்தில் போட்டுக் கழுவுங்கள், பொதுத் தொட்டியில் நேரடியாகப் போடாதீர்கள்.

தாய்ப்பால் உணவுதான். மற்றவர்கள் சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜிலேயே மூடி, பெயரும் தேதியும் எழுதி வைக்கலாம். யாராவது முகம் சுளித்தால் அதை உங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்வையிலிருந்து மறைக்க வேண்டுமானால் ஒளிபுகாத பை ஒன்று போதும்.

மேனேஜரிடம் எப்படிக் கேட்பது

கடிதம் முழுக்க "சலுகை", "தயவு" என்றே எழுதியிருக்கிறீர்கள். வேலை நேரத்தில் இரண்டு முறை அரை அரை மணி நேரம் பால் கொடுக்கத் தாய்க்கு உரிமை உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 3-ஆம் உடன்படிக்கையில் 1919-லேயே எழுதிவிட்டது. 2000-ல் வந்த 183-ஆம் உடன்படிக்கை, அந்த இடைவேளை வேலை நேரமாகவே கணக்கிடப்பட்டுச் சம்பளம் தரப்பட வேண்டும் என்கிறது. பால் கொடுப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும், வேறு காரணம் என்று முதலாளி சொன்னால் நிரூபிப்பது அவர் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. உடன்படிக்கையை ஏற்ற நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். ஆனால் ஏற்காத பல நாடுகளிலும் சொந்தச் சட்டம் உண்டு. இந்தியச் சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை தருகிறது. அமெரிக்காவில் ஒரு வருடம் வரை, கழிவறை அல்லாத மறைவான இடம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையின் விதியையும் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையையும் படித்துவிட்டுப் பேசப் போங்கள்.

மேனேஜரோடு வாதாட வேண்டாம். அன்று கேட்காமல் இருந்ததில் அவருக்கும் வலி இருந்திருக்கலாம். கேட்கலாம் என்றே யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயால் பேசியது பேசியதோடு போய்விடும் என்பதால் எழுத்தில் கொடுங்கள், ஹெச்.ஆர். பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"என் குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் கொடுத்துவருகிறேன். என் ஷிஃப்டில் மூன்று முறை, தலா 25 நிமிடம், பால் எடுக்க நேரம் தேவை. உள்ளே தாழிடக்கூடிய, கழிவறை அல்லாத அறை, ஒரு நாற்காலி, ஒரு மின் இணைப்பு வேண்டும். பாலை மூடிய பையில் பொது ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு இந்த இடைவேளை படிப்படியாகக் குறையும். அந்த நேரத்து அழைப்புகளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேசத் தயாராக இருக்கிறேன்."

கால் சென்டர் என்பதால் ஒரு கோரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்செட்டைக் கழற்றிய ஒவ்வொரு நிமிடத்தையும் சிஸ்டம் கணக்கில் எடுக்கும். பால் எடுக்கும் நேரத்துக்கு சிஸ்டத்தில் தனிக் குறியீடு ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அனுமதி ஒரு கையால் வரும், மாதக் கடைசி மதிப்பெண்ணில் மறு கையால் வெட்டு விழும்.

அறை இல்லை என்பார்கள். பயிற்சி அறை, முதலுதவி அறை, மதியம் காலியாகக் கிடக்கும் சின்ன மீட்டிங் அறை, எதுவானாலும் தாழ்ப்பாளும் கதவில் மாட்ட ஓர் அட்டையும் இருந்தால் சரி. கேமரா இல்லை என்பதை மட்டும் நீங்களே பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காது, நெஞ்சுச் சளித் தொற்றும் குறைவு. அம்மா லீவ் போடுவதும் குறையும். மனிதாபிமானத்தை விட இந்தக் கணக்கு சில மேனேஜர்களுக்குச் சீக்கிரம் புரிகிறது.

சட்டம் இருப்பதும் அது நடப்பதும் ஒன்றல்ல. குறிப்பாக நீங்கள் ஒப்பந்தப் பணியாளர் என்றால் வெளிப்படையாக மறுக்காமல், ஷிஃப்டை மாற்றியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் பழிவாங்கக்கூடும். தேதி போட்டு ஒரு குறிப்பேடு வையுங்கள்: எப்போது கேட்டீர்கள், யார் என்ன சொன்னார், எந்த இடைவேளை மறுக்கப்பட்டது. மின்னஞ்சல் நகல்கள் அலுவலகக் கணினிக்கு வெளியிலும் இருக்கட்டும். இதே நிலையில் இன்னும் இரண்டு பெண்கள் அங்கே இருந்தால் சேர்ந்து கேளுங்கள். தொழிற்சங்கமோ தொழிலாளர் அதிகாரியோ அதற்கு அடுத்த படி. போவதற்கு முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

விடுவதா, நிறுத்துவதா

ராஜினாமாவை இப்போது எழுத வேண்டாம். தூக்கம் கெட்டு, காய்ச்சல் வந்து, தினமும் டாய்லெட்டில் உட்கார்ந்த மூன்று வாரத்தின் முடிவில் எடுக்கிற முடிவு அது. கோரிக்கையைக் கொடுத்துப் பதில் வரட்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய வாய்ப்பு கேட்கலாம். ஆனால் ஹெட்செட்டோடு குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது, மாமியாரின் உதவி அப்போதும் வேண்டும்.

இந்தக் கட்டம் நீளப்போவதும் இல்லை. அடுத்த மாதம் ஆறு மாதம் நிறைந்ததும் அவனுக்கு மற்ற உணவு தொடங்கும், பகல் பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டு வயதுக்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 முதல் 12 மாதத்தில்கூடக் குழந்தைக்குத் தேவையான சக்தியில் பாதியோ அதற்கு மேலோ அதிலிருந்து கிடைக்கும். அதற்குள் பற்றாக்குறைக்குப் பவுடர் பால் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. டப்பாவில் சொன்ன அளவு மாறாமல், கொதித்து இன்னும் 70 டிகிரிக்குக் கீழே இறங்காத நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் கூட்டி நீர்க்கவைக்கக் கூடாது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம்.

"எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. நடுவில் ஒரு வழி இருக்கிறது: அலுவலகத்தில் எடுப்பதை மெதுவாகக் குறைத்து, காலையும் மாலையும் இரவும் மட்டும் மார்பில் கொடுப்பது. பல தாய்மார்களுக்கு மார்பு இந்த நேர அட்டவணைக்குப் பழகிக்கொள்கிறது. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில் அதிகம் சுரப்பதால் இரவுப் பாலை விடாமல் இருந்தால் சுரப்பு தங்கும்.

எல்லாம் யோசித்த பிறகும் முழுமையாக நிறுத்துவதுதான் சரி என்று பட்டால் நிறுத்துங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. திடீரென மட்டும் வேண்டாம். இப்போதிருக்கும் கட்டிக்கு அது ஆகாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு வேளை என்று குறையுங்கள். மார்பு கனத்து வலித்தால் வலி அடங்கும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். அதிகாலையில் கொடுப்பதைக் கடைசியாக விடுங்கள்.